வார்னிஷ் பூசிய எழுத்து

3ஆம் தேதி, செவ்வாய்

ஆண்டவன் துணை.

நாத்தனாருக்கு,

உன்னோடு ஒரு வருடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தவள் நான். அதில் இன்னும் ஐம்பத்து மூன்று நாள் மிச்சம் இருக்கிறது. பேசுவதில்லை என்றுதான் சொன்னேன், எழுதுவதில்லை என்று சொல்லவில்லை. கைப்பேசியில் தட்டினால் நீ உடனே பதில் தட்டுவாய், நான் மறுபடி தட்டுவேன், அது பேச்சாகிவிடும். அதனால்தான் காகிதம். பகல் பேருந்து நடத்துநர் இதை உன் ஒர்க் ஷாப் வாசலில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். பதிலையும் அவரிடமே கொடு.

விஷயம் இதுதான். உன் அண்ணனுடைய காரில் ரேடியேட்டர் ஃபேன் நிற்கமாட்டேன் என்கிறது. சாவியை உருவிக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் வந்தாலும் முன்னால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. முதல் நாள் தானாக நின்றுவிடும் என்று விட்டேன். மறுநாள் காலை பேட்டரி செத்துக் கிடந்தது. இப்போது ஒவ்வொரு தடவையும் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரி முனையைக் கழற்றி வைக்கிறேன்.

தெருமுனை மெக்கானிக் பார்த்தார். “இது கம்பெனி வயரிங் இல்லம்மா. தெரிஞ்சவங்க யாரோ உக்காந்து பொறுமையா மாத்தியிருக்காங்க. நான் கை வச்சா இன்னும் சிக்கலாயிடும். யார் பண்ணாங்களோ அவங்களையே கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பண்ணினது நீ. அதனால் எழுதுகிறேன், வேறொன்றுமில்லை.

அவர் கப்பலில் இருக்கும்போது காரை யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்பாய். நான்தான். நாலு மாதமாகக் கற்று உரிமமும் வாங்கிவிட்டேன். அவருக்குத் தெரியாது. 20ஆம் தேதி வெள்ளிக்கிழமை கப்பல் வருகிறது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஏழு முறை கப்பலிலிருந்து இறங்கினார். ஏழு முறையும் நீதான் உன் வேனில் போய்க் கூட்டிவந்தாய். எட்டாவது முறை நான் போகிறேன். நாலு மணி நேரச் சாலை, இந்த ஃபேனோடு போக முடியாது.

நான் ஓட்டுவதை அவரிடம் சொல்லிவிடாதே. உன்னிடம் கேட்கும் உதவி அது ஒன்றுதான். ஃபேன் உன் வேலை, அது உதவியில் சேராது.

அண்ணி

5ஆம் தேதி, வியாழன்

அண்ணிக்கு,

எழுதிப் பழக்கமில்லாதவள். வேலைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், கிரீஸ் கறையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கார் ஓட்டுகிறீர்கள் என்று படித்ததும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டேன். சொல்ல மாட்டேன். ஆனால் 20ஆம் தேதிக்கு நான் ஒர்க் ஷாப்புக்கு லீவு என்று ஏற்கெனவே பலகை எழுதி மாட்டிவிட்டேன். வருஷா வருஷம் போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பேசத்தான் கூடாது, எழுதிக் கேட்டிருக்கலாமே.

ஃபேனுக்கு வருகிறேன். காலையில் எஞ்சின் கல் மாதிரி குளிர்ந்திருக்கும்போது, ஏசியை அணைத்துவிட்டு, பேட்டரி முனையை மாட்டுங்கள். வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். அப்போதும் ஃபேன் ஓடினால் சூட்டுக்காக ஓடவில்லை, ஏதோ தப்பாக நினைத்துக்கொண்டு ஓடுகிறது. கூலண்ட் டப்பாவில் அளவுக்கோடு வரை தண்ணீர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. மூடியைத் திறந்தால் தீப்பெட்டி அளவில் நாலு ரிலே வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சாமானுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் கதவு. எது எதற்கு என்று ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கிறேன். ‘ஃபேன்’ என்று இருப்பதைப் பிடித்து நேராக மேலே உருவுங்கள். ஃபேன் நிற்கிறதா என்று எழுதுங்கள்.

தங்கச்சி

7ஆம் தேதி, சனி

ஆண்டவன் துணை.

நாத்தனாருக்கு,

வெள்ளி காலை 6.40. எஞ்சின் குளிர்ந்திருந்தது. ஏசி அணைத்திருந்தது. பேட்டரி முனையை மாட்டிய உடனே ஃபேன் ஓடியது. கூலண்ட் அளவுக்கோட்டுக்கு அரை விரல் மேலேயே இருக்கிறது.

கறுப்புப் பெட்டியைத் திறந்தேன். நாலு ரிலே இருக்கின்றன. எதன் தலையிலும் எழுத்து இல்லை. மழையில் அழிந்திருக்கும்.

அதனால் ஒவ்வொன்றாக உருவினேன். முதலாவதை உருவியபோது ஹாரன் அடிக்கவில்லை. இரண்டாவதற்கு முகப்பு விளக்கு எரியவில்லை. மூன்றாவதை உருவியதும் ஃபேன் நின்றது. திரும்பச் செருகியதும் ஓடியது. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அப்படியே. நாலாவது ஏசி. எல்லாம் நோட்டில் நேரத்தோடு குறித்திருக்கிறேன்.

பலகை மாட்டிவிட்டதாக எழுதியிருந்தாய். கழற்றிவிடு.

அண்ணி

9ஆம் தேதி, திங்கள்

அண்ணிக்கு,

எழுத்து மழையில் அழிந்துவிட்டதா. சரி.

நீங்கள் ஒவ்வொன்றாக உருவிக் கண்டுபிடித்தது சரியான வழி. எங்கள் தொழிலில் வருஷக்கணக்காக இருப்பவர்களே நேராக ஃபேனைக் கழற்றத்தான் போவார்கள்.

இப்போது ஹாரன் ரிலேயும் ஃபேன் ரிலேயும் ஒரே ஜாதி. இரண்டையும் இடம் மாற்றிச் செருகுங்கள். ஃபேன் நின்றுவிட்டால் பழைய ரிலே உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். நிற்காவிட்டால் ரிலே மேல் தப்பில்லை, அதற்கு யாரோ ‘ஓடு, ஓடு’ என்று உத்தரவு கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இப்படிக் காகிதத்திலேயே இழுப்பானேன்? நான் வந்தால் அரை மணி நேர வேலை. நீங்கள் உள்ளறையிலேயே இருங்கள், பேச வேண்டாம். சாவியை ஜன்னலில் வையுங்கள்.

தங்கச்சி

11ஆம் தேதி, புதன்

நாத்தனாருக்கு,

இடம் மாற்றினேன். ஃபேன் நிற்கவில்லை. ஹாரன் நன்றாக அடிக்கிறது, பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கும் அளவுக்கு.

வராதே. நீ வந்து அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டுப் போனால், அவர் வந்ததும் “தங்கச்சி பாத்தாளா? அப்ப சரி” என்பார். அவருக்கு எதிலும் அந்த ஒரு வார்த்தைதான். நான் சமைத்ததில் உப்பு சரியா என்றுகூட உன்னைக் கேட்டவர்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் எழுது. நீ வைத்த வயரிங், உனக்கு மட்டும் புரிகிற வயரிங். அவர் வருகிற நேரம் பார்த்து மக்கர் செய்கிறது. என்றைக்காவது உன்னைத் தேடி வரவேண்டும் என்று வேண்டுமென்றே இப்படி வைத்தாயா?

என்னைச் சத்தியம் செய்ய வைத்த அந்தப் போன முறையை நான் மறக்கவில்லை. காலை பதினொன்றுக்குத் துறைமுகத்தில் இறங்கினவர் மாலை மூன்றுக்கு வீட்டில் இருந்திருக்க வேண்டும். எட்டு மணிக்கு வந்தார். நடுவில் ஐந்து மணி நேரம் உன் ஒர்க் ஷாப்பில் உட்கார்ந்து, ஏதோ ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தீர்கள். எட்டு மாதம் காத்திருந்தவள் இலையைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர் கையெல்லாம் கரி. “பசிக்கல, ஸ்பேனர் வீட்லயே சாப்ட்டேன்” என்றார். உனக்கு அவர் வைத்த செல்லப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் என் வயிறு எரிகிறது. எனக்கு ஒரு செல்லப்பெயர்கூட வைத்ததில்லை.

போன ஞாயிறு கப்பலிலிருந்து என்னோடு ஏழு நிமிடம் பேசினார். அதற்கு முன் பத்து நிமிடம் அவர் லைன் பிஸி. யாரோடு என்று நான் கேட்கவில்லை.

அண்ணி

13ஆம் தேதி, வெள்ளி

அண்ணிக்கு,

பதினோரு நிமிஷம். நோட்டில் திருத்திக்கொள்ளுங்கள்.

வேண்டுமென்றே கெடுத்து வைத்தேனா என்று கேட்டுவிட்டீர்கள். என் தொழிலில் இதைவிடப் பெரிய திட்டு கிடையாது. அந்த வயரிங்கை நான் எதற்கு மாற்றினேன் தெரியுமா? வண்டி வாங்கின புதிதில் நீங்கள் பின் சீட்டில் பைகளோடு உட்கார்ந்திருந்தபோது நடுரோட்டில் எஞ்சின் கொதித்து நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? நீராவியைப் பார்த்து நடுங்கிப் போனீர்கள். அண்ணன் அன்றைக்கே வந்து, “இனிமே இது கொதிக்கவே கூடாது. அவ பயந்துட்டா” என்றான். ‘அவ பயந்துட்டா.’ ரெண்டு நாள் கடையை மூடி நான் அந்தப் பெட்டியைச் செய்தேன். சூட்டைச் சொல்லும் சென்சாரிலிருந்து தகவல் வராமல் போனால், பெட்டி மோசமானதையே நினைத்துக்கொண்டு ஃபேனை ஓட்டும். சும்மா ஓடினாலும் பரவாயில்லை, எரிந்துபோகக் கூடாது என்று.

உங்களுக்கு வயிறு எரிகிறதா? எனக்கும் எரியும். நீங்கள் வருவதற்கு முன்னால் இருபது வருஷம் அவன் எதை ஓட்டினாலும் பக்கத்தில் உட்கார்ந்தது நான். சைக்கிளில் முன்கம்பி, பைக்கில் பின்னால், வேனில் இடப்பக்கம். இப்போது அவன் என்னிடம் பேசுகிற பதினோரு நிமிஷத்தில் எட்டு நிமிஷம், “அவளுக்கு அது பிடிக்குமா, இது பிடிக்குமா?” மிச்சம் மூணுதான் எனக்கு.

அப்புறம் அந்த மழை. ரிலே தலையில் எழுதினது பெயிண்ட். அதன் மேல் ரெண்டு பூச்சு வார்னிஷ். மூடியோ ரப்பர் வைத்த மூடி. மழையில் அது அழியாது. வெள்ளம் வந்தாலும் அழியாது. எப்படிப் போனது என்று எழுதுங்கள். அதற்கப்புறம்தான் அடுத்த வரி.

தங்கச்சி

14ஆம் தேதி, சனி

ஆண்டவன் துணை. அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், நான்தான் மழை என்று எழுதினேன்.

நாத்தனாருக்கு,

நான்தான் அழித்தேன்.

ஓட்டக் கற்றுக்கொடுத்த பயிற்சிக்கூட அக்கா, “ஓட்டுனா மட்டும் போதாது, பானெட்ட திறந்து உள்ளயும் பாத்து வச்சுக்கோ” என்றாள். திறந்தேன். உள்ளே முழுக்க உன் கையெழுத்து. ரிலே தலையில் மட்டுமா? ஆயில் மூடியில் ‘அண்ணா, பார்த்தியா?’ தண்ணீர் டப்பாவில் ‘அண்ணா, இதையும்.’ பெல்ட்டுக்குப் பக்கத்தில் ‘அண்ணா, விரலை விடாதே.’ நான் வருடக்கணக்கில் தூசி தட்டித் துடைத்துக் காத்த வண்டியின் நெஞ்சைத் திறந்தால் உள்ளே உன் குரல் இருக்கிறது. என் கை எழுதிய ஒரு எழுத்து அதில் இல்லை.

பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், சோப்புத் தண்ணீர், தோட்டத்து ரப்பர் குழாய். மூன்று நாள் தேய்த்தேன். நீ சொன்னது சரி, வார்னிஷ் லேசில் போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். கடைசியில் குழாயை முழு வேகத்தில் திறந்து உள்ளே எல்லா இடத்திலும் அடித்துக் கழுவினேன். சுத்தம் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு சாமி படத்துக்கு முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் கண்மூடி உட்கார்ந்திருந்தேன். மனம் ஒட்டவில்லை.

நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு நோட்டைப் புரட்டினேன். போன மாதம் 16ஆம் தேதி: ‘எஞ்சின் கழுவியது முடிந்தது.’ அதற்கு அடுத்த வரியே 19ஆம் தேதி: ‘ஃபேன் நிற்கவில்லை.’ என் கையெழுத்தில் இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. இருபது நாளுக்கு மேல் இதைத் தினமும் பார்த்திருக்கிறேன், சேர்த்துப் படிக்கவில்லை. தண்ணீர் எங்கேயோ புகுந்துவிட்டது, அப்படித்தானே?

வேண்டுமென்றே வைத்தாயா என்று கேட்டதற்கு மன்னித்துக்கொள். எழுத்தை அழித்ததற்கு முதலில் ஆண்டவனிடம் கேட்டேன், அடுத்து உன்னிடம். அவரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

இன்னும் ஆறு நாள்.

அண்ணி

16ஆம் தேதி, திங்கள்

அண்ணிக்கு,

அப்படித்தான்.

ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் மேல் குழாய் முடிகிற இடத்தில், பித்தளைத் தலையோடு ஒரு சின்ன சென்சார் இருக்கிறது. அதன் மேல் ரெண்டு வயர் வைத்த ஒரு பிளாஸ்டிக் கப்ளர் மாட்டியிருக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது, பேட்டரியைக் கழற்றிவிட்டு, கப்ளரின் பக்கத்துக் காதை அழுத்தி உருவுங்கள். உள்ளே பச்சைப் பூஞ்சை மாதிரி இருக்கும். அதுதான். தண்ணீர் புகுந்து, ஊசி மாதிரி இருக்கிற பின்னைத் தின்றுவிட்டது. சென்சார் உள்ளதைத்தான் சொல்கிறது, பெட்டியின் காதுக்குப் போகவில்லை.

இந்தக் கடிதத்தோடு நடத்துநரிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். அதில் புதுக் கப்ளர், வயரோடு வயரைச் சேர்க்கிற சின்ன இணைப்புக் குழாய் ரெண்டு, ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ். பழையதை வயரோடு வெட்டுங்கள். பச்சை வயருக்குப் பச்சை, கறுப்புக்குக் கறுப்பு. முனையைச் சீவி, குழாய்க்குள் ரெண்டு பக்கமும் விட்டு, கட்டிங் பிளேயரால் பல் பதிய அழுத்துங்கள். இழுத்தால் வரக்கூடாது. சென்சாரின் ரெண்டு பின்னையும் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்துவிட்டு மாட்டுங்கள். இந்தத் தடவை தண்ணீர் இல்லாமல்.

நானும் ஒன்று எழுத வேண்டும். ‘மழை’ என்று படித்த அன்றைக்கே எனக்குத் தெரியும். கழுவியிருக்கிறீர்கள், கப்ளரில் தண்ணீர் என்று. அப்போதே எழுதியிருந்தால் 10ஆம் தேதியே ஃபேன் நின்றிருக்கும். உங்கள் கையாலேயே எழுதி வாங்க வேண்டும் என்று ரிலேயை மாற்று, அதை மாற்று என்று இழுத்தேன். வாங்கியும் விட்டேன். அதோடு, 20ஆம் தேதி தாண்டட்டும் என்றும் ஒரு மனசு இருந்தது. நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை, அதனால் நேராக உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

பலகையைக் கழற்றிவிட்டேன்.

தங்கச்சி

18ஆம் தேதி, புதன்

ஆண்டவன் துணை.

நாத்தனாருக்கு,

பச்சைப் பூஞ்சைதான். முதல் இணைப்பு இழுத்ததும் வந்துவிட்டது. இரண்டாவது தடவை அழுத்தினேன், வரவில்லை.

காலை 10.14. பேட்டரியை மாட்டினேன். ஃபேன் ஓடவில்லை. ஸ்டார்ட் செய்தேன். சூடு காட்டும் முள் பாதிக்கு மேல் ஏறும் வரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டேன். 10.31, ஃபேன் தானாக ஓடியது. 10.34.

நின்றது.

பானெட்டுக்கு முன்னால் நின்று அழுதேன். நோட்டில் அதை எழுதவில்லை.

இழுத்தடித்ததற்கு உன்மேல் கோபம் வரும் என்று காத்திருந்து பார்த்தேன். உன் இடத்தில் நான் இருந்தால் கப்ளரையே அனுப்பியிருக்க மாட்டேன்.

அண்ணி

21ஆம் தேதி, சனி

ஆண்டவன் துணை.

நாத்தனாருக்கு,

நேற்று போய்வந்தேன். உனக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டியது முறை.

காலை 5.30க்குக் கிளம்பினேன். 9.40க்குத் துறைமுகத்தின் மூன்றாவது கேட் முன்னால் நிறுத்தினேன். சாவியை உருவிய பிறகு ஃபேன் இரண்டு நிமிடம் ஓடித் தானாக நின்றது. 10.25க்கு அவர் வெளியே வந்தார். இளைத்திருக்கிறார். பையைக் கீழே வைத்துவிட்டு என் கையில் சாவியைப் பார்த்தார்.

“கார்ல வந்தியா? யாரு ஓட்டிட்டு வந்தது?”

“நான்தான்.”

“விளையாடாத. டிரைவர் எங்க?”

“டிரைவர்கிட்டதான் பேசிட்டிருக்கீங்க.”

கடலில் புயலைப் பார்த்தவர், என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முதல் இருபது கிலோமீட்டர் கதவுக் கைப்பிடியை விடவில்லை. வழியில் தேநீருக்கு நிறுத்தியபோது பானெட்டைத் திறக்கச் சொன்னார். ரிலே தலைகளில் நான் என் நோட்டைப் பார்த்துக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். ஒவ்வொன்றாகப் படித்தார்.

“எழுத்து மாறியிருக்கே.”

“மாறியிருக்கு. உங்க தங்கச்சி எழுதினத நான்தான் அழிச்சேன். வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் சொல்றேன்.”

பானெட்டை மெதுவாகச் சாத்தினார். அப்படி மெதுவாகச் சாத்தியதற்குப் பதில் அவர் கத்தியிருக்கலாம்.

உன் ஊருக்குப் பிரிகிற இடம் வந்தது. அவர் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி அந்தச் சாலையையே பார்த்தார். பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்று. காரை அதில் திருப்பினேன். நான் காரைவிட்டு இறங்கியிருக்க மாட்டேன், சத்தியம் இருக்கிறது. ஆனால் உன் ஷட்டர் பூட்டியிருந்தது. “எங்க போயிருப்பா?” என்று இரண்டு முறை கேட்டார். பலகையைக் கழற்றிவிட்டதாக எழுதினவள் ஏன் பூட்டினாய்?

பூட்டைப் பார்த்ததும் என் மனம் ஒரு கணம் இனித்தது. அதற்காக வீடு வந்ததும் ஆண்டவனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அண்ணி

23ஆம் தேதி, திங்கள்

அண்ணிக்கு,

நான் துறைமுகத்தில் இருந்தேன்.

மூன்றாவது கேட்டுக்கு எதிரில் ஒரு டயர் கடை இருக்கிறதே, அங்கே நின்ற லாரிக்குப் பின்னால், வேனுக்குள். மடியில் ஒரு சென்சார், ஒரு ரிலே. உங்கள் இணைப்பு விட்டுப்போனால் நான் இறங்கி வரலாம் என்று. விட்டுப்போகட்டும் என்றுகூட நினைத்தேன். நீங்கள் சாவியை உருவினீர்கள். ரோட்டைத் தாண்டி ஃபேன் சத்தம் கேட்டது. எண்ணிக்கொண்டே இருந்தேன். நின்றது. எனக்கு அங்கே வேலை இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் அவன் முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுக்க மனசு வரவில்லை.

அண்ணன் வெளியே வந்தான். உங்களைப் பார்ப்பதற்கு முன்னால் ரோட்டின் ரெண்டு பக்கமும் என் வேனைத் தேடினான். நான் பார்த்தேன். நிமிஷக்கணக்கு எழுதுகிற நீங்கள் அதை மட்டும் எழுதவில்லை.

பரவாயில்லை. ஆனால் அதை அழிக்காதீர்கள் அண்ணி. அது என்னுடையது.

தங்கச்சி

24ஆம் தேதி, செவ்வாய்

ஆண்டவன் துணை.

ஸ்பேனருக்கு,

தேடினார். ஒன்பது நொடி. நோட்டில் இருக்கிறது, கடிதத்தில்தான் விட்டுவிட்டேன். என்னைப் பார்த்த பிறகும் அவர் முதலில் கேட்டது, “ஸ்பேனர் வரலையா?” அதற்கப்புறம்தான் கார். இதோ, எழுதிவிட்டேன். வயிறு எரிகிறது, ஆனால் எழுதிவிட்டேன்.

அழித்த கதை முழுவதையும் அவரிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு அளந்துதான் பேசினார். இன்று காலை என் காகிதத் துண்டுகள் சூட்டில் சுருண்டு விழுந்துவிட்டதைக் காட்டி, “பெயிண்ட் வேணும்” என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வா. வெள்ளைப் பெயிண்டும் வார்னிஷும் கொண்டு வா. எது எது எங்கே இருந்ததோ எல்லாவற்றையும் திரும்ப எழுது, ‘அண்ணா’ உட்பட. ‘ஃபேன்’ என்பதை மட்டும் நான் எழுதுவேன். அதில் வார்னிஷ் மூன்று பூச்சு.

சத்தியத்தில் இன்னும் முப்பத்திரண்டு நாள் இருக்கிறது. நீ பேசு, நான் தலையாட்டுகிறேன்.

மாலையில் மூவரும் ஒரு சுற்றுப் போய்வரலாம். நான் ஓட்டுவேன். பக்கத்தில் அவர் உட்காருவார். நீ பின்னால். எட்டு வருடம் அங்கே உட்கார்ந்தவள் சொல்கிறேன், இடப்பக்கக் கண்ணாடி பாதிக்கு மேல் இறங்காது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று பார்த்துச் சொல்.

அண்ணி